ஜிர்காடாங்கில் காத்திருக்கும் ஜீப்புகள்

புது தில்லி: அந்தமானில் பொழுது சீக்கிரம் புலர்ந்துவிடும். அதற்கும் முன்பாகவே ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வாகனங்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடுகின்றன. அரசுப் பேருந்துகள், காய்கறி லாரிகள், சுற்றுலா வேன்கள். இவற்றுக்கு நடுவே, பாறையிலும் சேற்றிலும் ஏறவல்லவை என்ற பெயருடன் விற்கப்படும் ஜீப் வகை வண்டிகள். சாவடி திறந்ததும் எல்லாம் ஒரே அணியாக, காவல் துறை வாகனங்களின் பாதுகாப்பில் காட்டுக்குள் நுழைகின்றன. வேகம் மணிக்கு 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. முந்தக் கூடாது. வழியில் நிறுத்தக் கூடாது. புகைப்படம் எடுக்கக் கூடாது.

எங்கும் போகும் என்பதற்காகவே வாங்கப்படும் வண்டி, இங்கே பேருந்தின் பின்னால் ஊர்ந்து செல்கிறது. காரணம், அடுத்த சுமார் 50 கி.மீ. சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தை ஊடுருவிச் செல்வதுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவர்கள் 380 பேர்.

இந்தச் சாலை இருக்கலாமா, கூடாதா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலேயே விடை சொல்லிவிட்டது. அந்த விடை இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. அந்தமான் நிகோபார் தீவுகளுக்குச் சட்டப் பேரவை கிடையாது. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். எனவே ஜிர்காடாங்கில் வண்டியுடன் காத்திருப்பவரின் குறையானாலும், காட்டுக்குள் இருப்பவரின் உரிமையானாலும், முடிவு தில்லியில்தான் எடுக்கப்பட வேண்டும்.

ஜீப்பும் நாடாளுமன்றமும்: சுதந்திர இந்தியாவின் நாடாளுமன்றத்துக்கு ஜீப் என்ற சொல் புதிதல்ல. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் 1940இல் உருவான இந்தச் சிறு வண்டி, போர் முடிவதற்குள் வில்லிஸ், ஃபோர்டு ஆலைகளிலிருந்து 6 லட்சத்துக்கும் அதிகமாக வெளிவந்தது. காஷ்மீர் சண்டையின்போது இந்திய ராணுவத்துக்கும் அது அவசரமாகத் தேவைப்பட்டது. 1948இல் லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், வழக்கமான நடைமுறைகளைப் பின்பற்றாமல் சுமார் 80 லட்சம் ரூபாய்க்கு ஜீப் வாங்க ஒப்பந்தம் செய்தார். பணத்தின் பெரும்பகுதி முன்கூட்டியே கொடுக்கப்பட்டது. வந்து சேர்ந்தவை 155 வண்டிகள் மட்டுமே. அவையும் பயன்படும் நிலையில் இல்லை என்று புகார் எழுந்தது.

சுதந்திர இந்தியாவின் முதல் பெரும் ஊழல் புகார் என்று இன்றும் குறிப்பிடப்படுவது இதுதான். அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஏற்காமல், விவகாரம் முடிந்துவிட்டதாக 1955 செப்டம்பரில் அறிவித்தவர் உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த். எதிர்க்கட்சிகளுக்குத் திருப்தி இல்லையென்றால் இதைத் தேர்தல் பிரச்னையாக்கிக் கொள்ளலாம் என்றும் அவர் கூறினார். அடுத்த பிப்ரவரியில் கிருஷ்ண மேனன் மத்திய அமைச்சரானார்.

அதே பந்த் உள்துறையைக் கவனித்த 1956ஆம் ஆண்டில்தான் அந்தமான் நிகோபார் ஆதிப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை பிறப்பிக்கப்பட்டது. மறு ஆண்டு ஜாரவா காப்பகம் அறிவிக்கப்பட்டது. தீவுகளின் தலைமை மருத்துவமனை இன்று பந்த் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. வடக்கு அந்தமானிலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு அந்த மருத்துவமனைக்கு வரும் வண்டி, அவர் காலத்தில் வகுக்கப்பட்ட காப்பகத்தைக் கிழித்துக்கொண்டுதான் வர வேண்டியிருக்கிறது. வரலாற்றின் குறும்புகளில் இதுவும் ஒன்று.

ஊழல் புகார் ஒருபுறமிருக்க, ஜீப் விரைவிலேயே உள்நாட்டு வண்டியாகிவிட்டது. 1945இல் மஹிந்திரா அண்டு முகமது என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் பங்காளியான குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948இல் மஹிந்திரா அண்டு மஹிந்திராவாகப் பெயர் மாறிய அந்நிறுவனம், பம்பாய் மசகானில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிப் பிறகு இங்கேயே தயாரித்தது. வட்டாட்சியர், வனச் சரகர், பொறியாளர், தேர்தல் அதிகாரி என அரசாங்கம் கிராமத்துக்கு வந்தபோதெல்லாம் இந்த வண்டியில்தான் வந்தது. ராணுவத்துக்காக ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை, நிசான் வடிவமைப்பில் ‘ஜோங்கா’ தயாரானது. 1985 டிசம்பரில் மாருதி ஜிப்ஸி வந்தது. அதே காலத்தில் பெஜோ டீசல் என்ஜினுடன் வந்த மஹிந்திரா எம்.எம். 540, மலையோர ஊர்களிலும் தோட்டப் பகுதிகளிலும் நெடுங்காலம் ஓடியது.

உப்புக் காற்றின் கணக்கு: தீவுகளில் ஜீப் வைத்திருப்பது தனிக் கலை. ரயில் கிடையாது. வண்டி, எரிபொருள், டயர், உதிரி பாகம் எல்லாமே கப்பலில் வர வேண்டும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடல்வழியில் சுமார் 1,200 கி.மீ.; கப்பலுக்கு ஏறத்தாழ மூன்று நாள்கள். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மத்திய அரசால் பெயர் மாற்றப்பட்ட தலைநகரம் இதுதான். தமிழகத்தில் வாங்கிய பழைய வண்டியைத் தீவுக்குக் கொண்டு செல்பவர் கப்பல் கூலியோடு நிற்க முடியாது. வேறு மாநிலப் பதிவு எண்ணுடன் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டப்படி உள்ளூர் எண்ணுக்கு மாற்றியாக வேண்டும்.

பிறகு தொடங்குகிறது துருவுடன் போராட்டம். ஆண்டின் பெரும்பகுதி மழை, ஆண்டு முழுவதும் உப்புக் காற்று. மேலே வண்ணம் பளபளக்கும். அடியில் சேஸிஸ் அரித்துக்கொண்டிருக்கும். பிரேக் குழாய், சைலன்சர், கதவின் அடி விளிம்பு ஆகியவைதான் முதலில் போகும். கடற்கரை மணலில் ஓட்டிவிட்டு நல்ல நீரில் அடிப்பகுதியைக் கழுவாமல் நிறுத்துபவர், சில ஆண்டுகளில் அதன் விலையைப் பட்டறையில் கொடுப்பார்.

பழைய ஜீப்பின் பெருமை அது பழுதாகாது என்பதல்ல; பழுதானால் அங்கேயே சரிசெய்யலாம் என்பதுதான். தகரத்தை வெட்டி ஒட்டலாம். பட்டை ஸ்பிரிங் உடைந்தால் கொல்லுப்பட்டறையில் வழி கிடைக்கும். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் என்ஜினைத் திறக்கலாம். 2010இல் அறிமுகமாகி, 2020 அக்டோபரில் புதிய வடிவில் வந்த ‘தார்’ போன்ற வண்டிகளில் சொகுசும் பாதுகாப்பும் பல மடங்கு கூடுதல். ஆனால் சென்சார் ஒன்று மக்கர் செய்தால் கணினிக் கருவி வேண்டும். பாகம் கையிருப்பில் இல்லையென்றால் கப்பல் வரும்வரை வண்டி நிற்க வேண்டியதுதான். தில்லி, சென்னைச் சாலைகளில் வார இறுதிப் பெருமிதத்துக்காக இத்தகைய வண்டிகளை வாங்குவோருக்கு இந்தக் கவலை புரியாது.

அரசுத் துறைகளின் பழைய ஜீப்புகளுக்கு வேறொரு கெடு வந்தது. 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற மத்திய விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ராணுவம், உள்நாட்டுப் பாதுகாப்பு போன்றவற்றுக்கான சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு. தனியாருக்கான ஜிப்ஸி விற்பனை 2019 வாக்கிலேயே முடிந்துவிட்டது. புகையைக் குறைக்க வகுக்கப்பட்ட இந்த விதி நியாயமானதே. ஆனால் கப்பலை நம்பி வாழும் தீவுக்கும் காசியாபாத்துக்கும் ஒரே அளவுகோலை வைப்பது தில்லியின் நெடுநாள் பழக்கம்.

சாலை வந்த கதை: கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் மத்திய, வடக்கு அந்தமானில் குடியமர்த்தப்பட்ட பிறகு, தீவின் தெற்கையும் வடக்கையும் தரைவழியாக இணைக்கும் திட்டம் வலுப்பெற்றது. அந்தமான் பிரதானச் சாலை இப்படித்தான் ஜாரவாக்களின் காட்டுக்குள் நுழைந்தது. 1970களில் பணி நடந்தபோது அவர்கள் அம்புகளால் பதில் சொன்னார்கள். தொழிலாளர்கள் உயிரிழந்தனர். வேலை நின்று, மீண்டும் தொடர்ந்தது. காவலர்களின் பாதுகாப்பில்தான் சாலை முடிக்கப்பட்டது.

1997 இறுதியில் நிலைமை மாறியது. கால் முறிந்த ஜாரவா சிறுவன் ஒருவன் மருத்துவமனையில் குணமாகித் தன் மக்களிடம் திரும்பிய பிறகு, ஜாரவாக்கள் வில்லின்றி வெளியே வரத் தொடங்கினர். சாலையோரம் வந்து நின்றவர்களுக்கு வாகனங்களிலிருந்து பிஸ்கட்டும் வாழைப்பழமும் நீட்டப்பட்டன. புகையிலையும் நீட்டப்பட்டது. 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. வெளியுலக நோய்களால் ஆயிரக்கணக்கிலிருந்து சில பத்துப் பேராகச் சுருங்கிப்போன கிரேட் அந்தமானியர்களின் கதையை அறிந்தவர்களுக்கு இது சிறிய செய்தியாக இருக்கவில்லை.

சூழல் அமைப்புகள் நீதிமன்றத்தை நாடின. விசாரணை, கோதவர்மன் திருமுல்பாடு வழக்கின் ஒரு பகுதியாக உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. நீலகிரி மாவட்டம் கூடலூர் காடுகளைக் காக்க 1995இல் தொடுக்கப்பட்டு, நாடு முழுவதற்குமான வன வழக்காக வளர்ந்த அதே வழக்கு. சேகர் சிங் ஆணையம் அளித்த அறிக்கையை ஏற்று, காப்பகத்தின் வழியே செல்லும் பகுதிகளில் சாலையை மூட வேண்டும் என்று 2002 மே 7ஆம் தேதி உத்தரவு வந்தது. வழக்குத் தொடுத்தவர் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்தவர். ஜாரவா காட்டைக் கடந்து, படகில் ஏறி வாகனங்கள் போய் இறங்கும் பாராடாங் தீவின் துறைக்கும் நிலம்பூர் என்றே பெயர். மலையாளக் குடியேறிகள் தங்கள் ஊர்ப் பெயரையும் உடன் கொண்டு சென்றார்கள் போலும்.

அமலாகாத உத்தரவு: சாலை மூடப்படவில்லை. மூடினால் ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் மக்களின் மருத்துவம், கல்வி, வணிகம் என்னாவது என்று தீவு நிர்வாகம் கேட்டது. அந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் படகை நம்பி நோயாளியை அனுப்ப யாரும் துணிய மாட்டார்கள். ஆனால் அதே சாலையில் நோயாளிகளைவிட அதிகமாகச் சென்றவர்கள் பாராடாங்கின் சுண்ணாம்புக் குகையையும் சேற்று எரிமலையையும் காணப் போன சுற்றுலாப் பயணிகள்தாம். 2012 ஜனவரியில் ஜாரவாப் பெண்களை ஆடவைத்துப் படமெடுத்த காட்சியை லண்டனின் ‘அப்சர்வர்’ இதழ் வெளியிட்டபோது நாடு தலைகுனிந்தது. அதே ஆண்டு பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையில் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. 2013 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகள் இச்சாலையில் செல்ல உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மார்ச் மாதத்தில் தடை விலகியது. பாராடாங்குக்குக் கடல்வழி மாற்றுப் பாதை தொடங்கப்பட்டாலும், அது சாலைக்கு ஈடாக வளரவில்லை.

சாலையோ வளர்ந்தது. தேசிய நெடுஞ்சாலைகளின் எண்கள் 2010இல் மாற்றப்பட்டபோது, சென்னை - பெங்களூர் சாலைக்கு இருந்த 4 என்ற எண் அந்தமான் சாலைக்குப் போனது. ஆஸ்டின் நீரிணையில் செங்கப்பா பாலம், ஹம்ஃப்ரி நீரிணையில் ஆசாத் ஹிந்த் ஃபவுஜ் சேது என்று ஒவ்வொரு தடையாக நீங்கியது. ஒரு பக்கம் மூடச் சொன்ன உத்தரவு; மறுபக்கம் அகலப்படுத்த ஒதுக்கீடு. இரண்டில் எது அரசின் கொள்கை என்பதைத் தெளிவாக அறிவிக்கும் துணிவு, ஆட்சியில் இருந்த எந்தக் கட்சிக்கும் வரவில்லை.

தெற்கே கிரேட் நிகோபாரிலும் இதே கேள்வி உருவாகி வருகிறது. 1969 முதல் முன்னாள் ராணுவத்தினர் குடியமர்த்தப்பட்ட கேம்ப்பெல் பேயிலிருந்து தெற்கு நோக்கியும் மேற்கு நோக்கியும் சாலைகள் போடப்பட்டன. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்தில் தீவின் தென்முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. சுனாமி கடலோரச் சாலையைப் பல இடங்களில் விழுங்கியது. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் குடும்பங்கள் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட கச்சால் தீவும் அன்று சிதைந்தது. சாலை போன இடத்தில் நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஜீப்பும் உதவாது. மீட்புப் பணி கப்பலையும் ஹெலிகாப்டரையும் நம்பியே நடந்தது. அதே கிரேட் நிகோபாரில் கலாத்தியா விரிகுடாத் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின் நிலையம் அடங்கிய 72,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. இதற்காக விட்டுக்கொடுக்கப்படும் காடு சுமார் 130 சதுர கி.மீ. அந்தத் தீவின் காடுகளில் வாழும் ஷோம்பென் பழங்குடியினர் 2011 கணக்கெடுப்பில் 229 பேர். திட்டத்தில் சாலைகளும் உண்டு. அவற்றில் யார், எந்த வேகத்தில், எவரது காவலுடன் செல்வது என்ற விவாதம் நாடாளுமன்றத்தில் இன்னும் முறையாக நடந்தாக வேண்டும்.

650 மி.மீ. ஆழ நீரைக் கடக்கவல்லது என்று தயாரிப்பாளர் சொல்லும் புதிய தார், ஜாரவா காட்டின் மறுமுனையில் உள்ள மிடில் ஸ்ட்ரெயிட் துறையில் லாரிகளுடன் சேர்ந்து படகுக்காக நிற்கிறது. துருப்பிடித்த பழைய ஜீப்பும் அதற்கு அருகிலேயே நிற்கிறது. பிற்பகலில் புறப்படும் கடைசி அணியைத் தவறவிட்டால், இரண்டுக்கும் மறுநாள் காலைதான் வழி.