தனித்தனியாகக் கணித்த கூட்டம்

திரைப்படமானாலும் நூலானாலும் எத்தனை நட்சத்திரம் பெற்றிருக்கிறது என்று பார்த்த பிறகே அதை நாடுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால் பலருடைய கருத்தைத் திரட்டிப் பெறும் அந்த எண் எப்போது நம்பத்தக்கது என்ற ஆராய்ச்சி நூறாண்டுக்கும் மேல் பழமையானது. 1906-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சியில், கொழுத்த எருது ஒன்றை வெட்டித் தோலுரித்துச் சுத்தம் செய்தால் எவ்வளவு எடை நிற்கும் என்று கணிக்கும் போட்டி நடைபெற்றது. ஆறு பென்னி கொடுத்துச் சீட்டு வாங்கியவர்களுள் கசாப்புக்காரர்களும் உழவர்களும் இருந்தனர். மாட்டைப் பற்றி அதிகம் அறியாதவர்களும் இருந்தனர். அச்சீட்டுகளைப் பெற்ற பிரான்சிஸ் கால்டன் என்ற அறிவியலாளர், 787 கணிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கி, நட்டநடுவில் நின்ற எண்ணை, அதாவது புள்ளியியலில் இடைநிலை எனப்படுவதை, எடுத்துப் பார்த்தபோது அது 1,207 பவுண்டாக இருந்தது. 1907-இல் 'நேச்சர்' இதழில் அவர் குறித்த உண்மை எடையோ 1,198 பவுண்டு. கட்டணம் இருந்ததால் விளையாட்டாக எழுதியவர் குறைவு. எவருடைய பேச்சுக்கும் ஆட்படாமல் அவரவர் தாமே கணித்து எழுதினர் என்பதே இதில் முதன்மையானது.

அந்தத் தனிமை குலைந்தால் நேர்வதை, மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பெயர் அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை 14,000-க்கும் மேற்பட்டோர் கேட்டனர். ஒரு பிரிவினருக்குப் பிறர் தேர்வு மறைக்கப்பட்டது, மற்றவர்கள் எட்டுத் தனிக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, தத்தம் குழுவில் எந்தப் பாடல் எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்று அவர்களுக்குக் காட்டப்பட்டது. ஒரே பாடல் ஒரு குழுவில் முதலிடமும் மற்றொன்றில் நாற்பதாம் இடமும் பெற்றது. மிக நல்லவை பெரும்பாலும் அடியில் விழவில்லை, மிக மோசமானவை முதலிடத்துக்கு வரவில்லை. இடைப்பட்ட பாடல்களின் தலைவிதியையோ தொடக்கத்தில் கேட்ட சிலரின் விருப்பமே பெரிதும் முடிவுசெய்தது. விற்பனையாளர்கள் முதல் நாளிலேயே நட்சத்திரங்களை விலைகொடுத்து வாங்க முனைவதன் காரணமும் இதுவே.

படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடைசெய்யக் கோரி 2024-இல் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் அமைப்பு ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. நீதிமன்றம் அதற்கு இசையவில்லை. தொடக்கக் கருத்துகளே படத்தின் தலைவிதியை முடிவுசெய்துவிடும் என்ற தயாரிப்பாளர்களின் அச்சம் வெறும் கற்பனையன்று. எனினும் பார்த்தவரின் வாயை அடைப்பது தீர்வாகாது. ஒருவர் தம் மதிப்பெண்ணை இடும்வரை மொத்தக் கணக்கை அவருக்கு மறைத்துவைப்பதே முறை. அதற்குச் சட்டம் தேவையில்லை, மதிப்பெண்களைத் திரட்டும் இணையதளங்களை நடத்தும் நிறுவனங்கள் மனம்வைத்தால் போதும்.