வழுதாவூர்க் கற்களின் வயது

ஓரின நத்தை கடலில் வாழ்ந்த காலம் ஓர் எல்லைக்குட்பட்டது. ஆதலின் அதன் ஓடு கல்லாய்ச் சமைந்து எப்படுகையிற் கிடப்பினும், அப்படுகையின் காலத்தை ஊகித்தல் கூடும். இவ்வூகம் எத்துணை தவறக்கூடும் என்பதற்கு நமது தமிழ்நாட்டுக் கற்களே சான்றாம்.

1840ஆம் ஆண்டையொட்டிச் சென்னைச் சிவில் உத்தியோகஸ்தராகிய கேய், கன்லிஃப் என்னும் இரு துரைமார் புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள வழுதாவூர்ப் பகுதி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களில் இத்தகைய கல்லோடுகளைத் தொகுத்து லண்டன் பூதத்துவ சங்கத்திற்கு அளித்தனர். இந்தியாவைக் கண்ணாலுங் காணாத எட்வர்ட் போர்ப்ஸ் என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து, 1846இல் வெளியான அறிக்கையில் புதிய இனங்கள் பலவற்றிற்குப் பெயரிட்டார். அப்பணி பெரிது. ஆயின், ஐரோப்பிய ஓடுகளோடு ஒத்த சாயலைக் கொண்டு, புதுச்சேரிக் கற்களே மூன்றனுள் மிகப் பழையன என்றும் அவர் முடிவு செய்துவிட்டார். உண்மை இதற்கு நேர்மாறானது. வழுதாவூர்ப் படுகை கிரெடேசியக் காலத்தின் இறுதியைச் சார்ந்தது. இக்காலக் கணக்கின்படி ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளே அதன் வயது. போர்ப்ஸ் குறித்த காலமோ 12 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது!

பிழையைத் திருத்தியது யாது? பிளான்போர்ட் 1857 முதல் 1860 வரை ஊரூராய் நடந்து, எப்படுகைமேல் எப்படுகை கிடக்கின்றது என்று பார்த்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். அவ்வத்தொகுதிக் கற்கள் கிடைத்த ஊர்ப்பெயர்களோடு கல்கத்தா சேர்ந்தன. ஸ்டொலிஸ்கா என்பவர் அவற்றை விவரித்து 1873இல் முடித்தார்; மறுவருடமே, யார்க்கந்து யாத்திரையினின்று திரும்புங்கால், லடாக்கில் உயிர்நீத்தார். பின்னர் வார்த் என்பவர் படுகை படுகையாகப் பிரித்துத் திரட்டிய கற்களைக் கொண்டு, வியன்னாவிலிருந்த கோஸ்மாட் 1890களில் வழுதாவூரின் காலத்தைத் தெளிவுபடுத்தினார். அவரும் போர்ப்ஸைப்போல் தொலைவிலிருந்தே ஆராய்ந்தவர். ஆனால் அவர் கைக்கு வந்த கற்கள் தாம் கிடந்த படுகையின் குறிப்போடு வந்தன. எனது எண்ணத்தில், கல்லின் பாதி மதிப்பு அதனோடு ஒட்டிய சீட்டிலேயே உள்ளது. அக்கற்களைக் குனிந்து பொறுக்கிய நம் ஊராரின் பெயர்களைச் சீட்டில் எழுதுவார்தாம் இலர்.

போர்ப்ஸ் கையாண்ட கற்கள் லண்டனிலும், ஸ்டொலிஸ்கா கையாண்டவை கல்கத்தாவிலும் உள. அரியலூர்ச் சுண்ணாம்புப் படுகைகளோ சிமெண்டுக்காக வெட்டப்பட்டு வருகின்றன. வெட்டியெடுத்த படுகையை மீண்டும் காணவியலாது. ஐயமுறும் மாணவன் கல்கத்தா அலமாரிகளையே திறந்து பார்த்தல் வேண்டும்.