சத்தமில்லாமல் மூடும் அலமாரி: கீலை மட்டும் பார்த்தால் போதாது

ஹார்டுவேர் கடைகளில் சாஃப்ட் குளோஸ் கீலைக் காட்டுவதற்கென்றே ஒரு சின்னக் கதவை மாட்டி வைத்திருப்பார்கள். ஒன்றரை அடி உயரம் இருந்தால் அதிகம். வேகமாகத் தள்ளினாலும் கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில் வேகம் அடங்கி, ஓசையில்லாமல் மூடிக்கொள்ளும். பார்த்தவர் மயங்கி, வீடு முழுக்க இதையே போடச் சொல்லிவிடுவார். ஆனால் வீட்டில் மாட்டப்போவது ஏழடிக் கதவு. ஆறு மாதம் ஆனதும் ஒரு கதவு பக்கத்துக் கதவை உரசும். இன்னொன்று முழுதாக மூடாமல் விரலளவு திறந்தே நிற்கும். பழி கீல் கம்பெனி மேல் விழும். பெரும்பாலும் தப்பு அங்கே இல்லை.

இந்தக் கீலுக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஸ்பிரிங் கதவை உள்ளே இழுக்கிறது. டேம்பர் என்ற சிறு பிஸ்டன், தனக்குள் இருக்கும் எண்ணெயின் எதிர்ப்பால் அந்த வேகத்தைக் குறைக்கிறது. எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவுக்கு எதிர்ப்பும் கூடும். அதனால்தான் குழந்தை ஓங்கி அறைந்தாலும் கதவு சாதுவாகப் போய் மூடுகிறது. ஆஸ்திரியாவின் புளூம் நிறுவனம் 2001-ல் ‘புளூமோஷன்’ என்ற பெயரில் இந்த மெதுவாக மூடும் நுட்பத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1952-ல் தொடங்கியபோது அந்தக் கம்பெனி செய்த முதல் பொருள், குதிரை லாடத்தில் பொருத்தும் குமிழ்! இன்று ஜெர்மனியின் ஹெட்டிஷ், ஹாஃபெலே முதல் நம் நாட்டு எப்கோ, கோத்ரெஜ் வரை எல்லோரிடமும் இந்த வகைக் கீல் கிடைக்கிறது.

கடையில் முதலில் கேட்பது பிராண்டாக இருக்கக் கூடாது, கிராங்க்காக, அதாவது கீலின் கை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதாக இருக்க வேண்டும். கதவு பக்கப் பலகையை முழுதாக மூடினால் ஜீரோ கிராங்க். ஒரே பலகையை இரண்டு கதவுகள் பாதிப் பாதியாகப் பங்கிட்டால் 8. கதவு சட்டத்துக்கு உள்ளே உட்கார்ந்தால் 16 (சில கம்பெனிகளில் 15). மூன்று கதவு அலமாரியில்தான் குழப்பம் வரும். இரண்டு ஓரக் கதவுகளுக்கும் ஜீரோ சரி. நடுக்கதவு தொங்குவது நடுப்பலகையில் என்பதால் அதற்கு 8 வேண்டும். ‘எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும்’ என்று ஜீரோவாகவே வாங்கிவந்தால், நடுக்கதவு பக்கத்துக் கதவின் மேல் ஏறும்.

அடுத்தது எண்ணிக்கை. பெரும்பாலான வீடுகளில் கோட்டைவிடுவது இங்கேதான். பெரிய தயாரிப்பாளர்களின் அட்டவணைப்படி, இரண்டடி வரை அகலமுள்ள கதவுக்குத் தோராயமாக மூன்றடி உயரம் வரை 2 கீல், ஐந்தேகால் அடி வரை 3, ஆறரை அடி வரை 4, அதற்கு மேல் 5. ஏழடிக் கதவுக்கு மூன்று போதும் என்று சொல்லும் கார்பென்டர், கீலுக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்துகிறார். கதவின் ஆயுளை அல்ல.

உயரத்தோடு எடையும் சேர்கிறது. ஏழடிக்கு ஒன்றரை அடி, 18 மி.மீ. பிளைவுட் கதவு மட்டும் சுமார் 11 கிலோ. இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டினால் இன்னும் இரண்டு கிலோ. அதில் முழு நீளத்துக்கு 5 மி.மீ. கண்ணாடி பதித்தால் மேலும் 12 கிலோ. ஆக 25 கிலோ! ஐந்து கீல்களே திணறும் எடை அது. கண்ணாடி வேண்டும் என்றால் மெல்லியதாக, குறுகலாக வைக்கலாம், இல்லையேல் சுவரிலேயே மாட்டிவிடலாம். இதற்கு நேர்மாறான தொல்லை லாஃப்டின் சின்னக் கதவுகளில் வரும். எடை போதாமல் அவை ஆடி அசைந்து மூடும். டேம்பரை நிறுத்தும் சிறு சுவிட்ச் உள்ள கீலாக வாங்கி, இரண்டு கீல்களில் ஒன்றின் டேம்பரை நிறுத்திவிட்டால் சரியாகும்.

துளையிடும் வேலையில் மில்லிமீட்டர்தான் பேச வேண்டும். கதவின் உட்புறத்தில் 35 மி.மீ. விட்டத்தில், 12 முதல் 13 மி.மீ. ஆழத்தில் குழி எடுக்க வேண்டும். 18 மி.மீ. பலகையில் அதற்கப்புறம் மிஞ்சுவது ஐந்து மி.மீ.தான், டிரில் கொஞ்சம் கூடுதலாக இறங்கினால் வெளிப்புற மைக்கா புடைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். குழிக்கும் கதவின் ஓரத்துக்கும் நடுவே 3 முதல் 6 மி.மீ. இடைவெளி இருக்கலாம், வழக்கம் 5. பக்கப் பலகையில், மூடும் வகைக் கதவுக்கு, முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. தள்ளி, கீலைத் தாங்கும் பிளேட்டைத் திருக வேண்டும். எல்லாக் கீல்களும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். ஸ்பிரிங்கின் வலு அதிலேயே வீணாகும். பென்சில் கோட்டை நம்பாமல் ஜிக் வைத்துக் குழி எடுக்கும் கார்பென்டராகப் பார்ப்பது நல்லது.

பார்ட்டிகிள் போர்டில் திருகு ஒருமுறை தளர்ந்தால் அதே துளையில் மறுபடி பிடிக்காது. பாரமான கதவு என்றால் அலமாரியின் பெட்டிக்காவது பிளைவுட் போடுவது புத்திசாலித்தனம். கடற்கரை ஊர்களில் நிக்கல் பூச்சுக் கீல் சீக்கிரம் துருப்பிடிக்கும்; விலை கூடினாலும் 304 கிரேடு எஸ்.எஸ். வாங்கலாம். உள்ளே இழுப்பறை வைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சாதாரண 105, 110 டிகிரி கீலில் கதவு முழுதாக விலகாது. இழுப்பறை கதவில் இடிக்கும்.

பழைய அலமாரி? அதில் ஏற்கெனவே 35 மி.மீ. குழிக் கீல் இருந்தால் மாற்றுவது எளிது. குழி அதேதான், திருகுத் துளைகளும் பிளேட்டும் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். தேக்குக் கதவில் சாதாரண பட்டைக் கீல் இருந்தால், தனியாக விற்கும் ஒட்டு டேம்பர் சத்தத்தைக் குறைக்கும். ஆனால் கதவை இழுத்து மூடாது, அதற்கான ஸ்பிரிங்தான் அங்கே இல்லையே. ஸ்லைடிங் கதவு வேறு கதை: டேம்பர் மேல் டிராக்கிலேயே இருக்கும், அதில் அச்சிட்டிருக்கும் கிலோ அளவுக்குள் கதவு இருந்தால் சரி.

மாட்டி முடித்ததும் பெட்டியை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பெட்டியே சாய்ந்திருந்தால் எந்தக் கீலாலும் காப்பாற்ற முடியாது. பிறகு துணிகளை அடுக்கிவிட்டு ஒவ்வொரு கதவையும் ஒரு சாண் திறந்து கையை எடுங்கள். தானாக மூட வேண்டும். மேலே கீழே, முன்னே பின்னே, இடம் வலம் என்று நகர்த்தும் திருகுகள் கீலிலேயே இருக்கின்றன; இரண்டு கதவுகளுக்கு நடுவே 3 மி.மீ. சந்து சீராக வரும்வரை திருப்பலாம். பாரம் ஏறியபின் கதவு கொஞ்சம் இறங்குவது சகஜம். ஒரு மாதம் கழித்து வந்து இன்னொருமுறை சரிசெய்து தர வேண்டும் என்பதைக் கூலி பேசும்போதே கார்பென்டரிடம் பேசிவிடுங்கள்.