குவாண்டம்: புரியாத வார்த்தை, பொதுப் பணம்

ரூ. 6,003 கோடித் திட்டம் ஓடத் தொடங்கிவிட்டது. அதை மக்களுக்கு விளக்கும் வேலைதான் பின்தங்கி நிற்கிறது.

டாக்கா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்த 30 வயது சத்யேந்திரநாத் போஸ் 1924 ஜூனில் ஐன்ஸ்டீனுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். ஐன்ஸ்டீன் அதைத் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்துப் பிரசுரிக்கச் செய்தார். குவாண்டம் இயற்பியலின் அஸ்திவாரக் கற்களில் ஒன்றாக அது ஆனது. இது பலருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத கதை, போஸ் 1948-ல் கல்கத்தாவில் வங்கீய விஞ்ஞான பரிஷத்தைத் தொடங்கி, வங்க மொழியிலேயே விஞ்ஞான இதழ் கொண்டுவந்தது. தாய்மொழியில் விஞ்ஞானம் சொல்ல முடியாது என்ற வாதத்தை அவர் ஏற்கவே இல்லை.

அந்த வாதம் இப்போது மீண்டும் உயிர் பெற்றிருக்கிறது. தேசிய குவாண்டம் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரல் 19 அன்று ஒப்புதல் தந்தது. 2031 வரையிலான ஒதுக்கீடு ரூ. 6,003.65 கோடி. 50 முதல் 1,000 குவிட் வரை திறனுள்ள கம்ப்யூட்டர்கள், 2,000 கி.மீ. தூரத்துக்கு ஒட்டுக்கேட்க முடியாத செயற்கைக்கோள் தகவல்தொடர்பு ஆகியவை இலக்குகளில் சில. செலவு செய்வது மக்கள் பணம். ஆனால் எதற்கு என்று கேட்டால் சாதாரண மனிதருக்குக் கிடைப்பது ஒன்று பிரமிப்பு, அல்லது மௌனம்.

அந்த இடைவெளியில் நுழைவது வியாபாரம். அமெரிக்காவில் 'குவாண்டம்' சொல்லைக் கொண்டு நோய் தீரும், பணம் சேரும் என்றெல்லாம் விளக்கியதற்காக தீபக் சோப்ராவுக்கு 1998-ல் கேலிப் பரிசான இக்நோபல் வழங்கப்பட்டது. கேலி ஓய்ந்தது; சொல்லின் மவுசு ஓயவில்லை.

நல்ல எண்ணத்தோடு எழுதுகிறவர்களும் சறுக்குகிறார்கள். குவிட் ஒரே நேரத்தில் 0 ஆகவும் 1 ஆகவும் இருக்கும், எனவே எல்லா விடைகளையும் ஒரே நொடியில் சோதித்துவிடும் என்பது வழக்கமான விளக்கம். இது பாதி உண்மை. அளந்து பார்த்தால் கிடைப்பது ஒரே ஒரு விடைதான். நீரலைகள் ஒன்றையொன்று அழிப்பதுபோலத் தவறான விடைகள் அழிந்து, சரியான விடை மேலே வரும்படி கணக்கை அமைப்பதே சூட்சுமம். சில வகைக் கணக்குகளுக்குத்தான் அது பலிக்கும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்று அல்ல.

அந்தச் சில கணக்குகளில் ஒன்று எல்லோரையும் தொடுகிறது. பெரிய எண்களைக் குவாண்டம் முறையில் வேகமாகக் காரணிப்படுத்தலாம் என்று பீட்டர் ஷோர் 1994-ல் காட்டினார். இன்டர்நெட் பரிமாற்றங்களைக் காக்கும் பூட்டுகளில் முக்கியமானது அந்தக் கணக்கின் கடினத்தையே நம்பியிருக்கிறது. பிழைகள் மலிந்த இன்றைய இயந்திரங்களால் அதை உடைக்க முடியாது. ஆனால் இன்று திருடிச் சேமித்த தகவலை நாளை திறக்கலாம். அதனால்தான் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் மூன்று புதிய பூட்டு முறைகளை அறிவித்தது. வங்கிக் கணக்கு வைத்திருக்கும் எவருக்கும் இது அந்நிய விஷயமல்ல.

முன்கூட்டியே பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பி.டி. கத்தரிக்காய் சாட்சி. நிபுணர் குழு 2009 அக்டோபரில் அனுமதித்தது, எதிர்ப்பு வெடித்தது. அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு, 2010 பிப்ரவரியில் நிறுத்திவைத்தார். முதலில் நடந்திருக்க வேண்டிய உரையாடல் கடைசியில் நடந்தது.

நாட்டுக்கு இந்தக் கலை புதிதல்ல. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962-லிருந்து கிராமங்களில் விஞ்ஞானம் பேசுகிறது. 1987-ல் அறிவியல் ஜாதாக்கள் நாடெங்கும் பாட்டும் நாடகமுமாகச் சுற்றிவந்தன. ஆனால் விஞ்ஞானத்தைப் பரப்பவென்றே மத்திய அரசு 1989-ல் அமைத்த விஞ்ஞான் பிரசார், குவாண்டம் திட்டம் ஒப்புதல் பெற்ற அதே 2023-ல் மூடப்பட்டது.

இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் மாணவி, இந்தத் திட்டம் முடியும் காலத்தில் கல்லூரியில் இருப்பாள். அவளுக்குத் தெரிந்த மொழியில் இப்போதே யாராவது சொல்லத் தொடங்கினால்தான், அந்த ஆய்வுக்கூடங்களின் கதவை அவள் தட்டுவாள்.