வருவது வருகிறது, போவது ஏன் போகவில்லை?

மட்டாஞ்சேரியில் வந்து குடியேறிய நம் குடும்பங்களிலிருந்து, ஊர் நிலத்துப் பத்திர நகலும் பிள்ளைகளின் சான்றிதழும் இன்று மின்னஞ்சலிலேயே திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் செல்கின்றன. கடைக் கணினியில் அவுட்லுக் அல்லது தண்டர்பேர்டு வைத்திருக்கும் பெரியவர்கள் நம்மிடம் கூறும் குறை பெரும்பாலும் ஒன்றே: "தம்பி, வருகிற கடிதம் வருகிறது, நாம் எழுதுவது மட்டும் போகமாட்டேன் என்கிறது." பத்திரப் பதிவுக்கு நாள் குறித்திருக்கும் வேளையில் இஃது அற்பக் குறையன்று.

கடிதம் பெறுவதற்கு ஒரு சர்வர், அனுப்புவதற்கு வேறொரு சர்வர் என்பதைப் பலர் அறியார். அனுப்பும் முறையாகிய எஸ்.எம்.டி.பி. 1982-இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புகிறவர் யார் என்று கேட்கும் ஏற்பாடே அதில் இல்லை. பெயரும் கையொப்பமும் கேளாமல் பார்சல் ஆபீசில் மூட்டைகளை ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பது ரயில்வே எழுத்தராகிய நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவ்வாறே ஆயிற்று. யார் யாரோ பிறருடைய சர்வர் வழியே விளம்பரக் குப்பையை உலகெங்கும் கொட்டினர். முதலில் தம் பெட்டியைத் திறந்து கடிதம் எடுத்தவர் சற்று நேரத்துக்கு அனுப்பவும் செய்யலாம் என்றொரு தற்காலிக ஏற்பாட்டைச் சில இடங்களில் வைத்திருந்தனர். அனுப்பும்போதே பெயரும் கடவுச்சொல்லும் கேட்டுச் சரிபார்க்கும் விதி 1999-இல் வகுக்கப்பட்டது.

ஆதலால், வருவது வந்து போவது மட்டும் நின்றால், வெளிச்செல்லும் சர்வருக்கான அமைப்பைப் பாருங்கள். அச்சர்வருக்கும் அடையாளச் சான்று தேவை என்னும் கட்டத்தில் குறியிட்டிருக்க வேண்டும். போர்ட் எண் 587 அல்லது 465 ஆக இருக்கட்டும். 25 என்பது சர்வரும் சர்வரும் பேசிக்கொள்வதற்கு உரியது. மறையாக்கத்தை ஒருபோதும் நீக்காதீர்கள். அஃதின்றேல் கடவுச்சொல் வேறு எழுத்துக்களாக மாற்றி அனுப்பப்படுகிறதே தவிர மறைக்கப்படுவதில்லை. வழியில் இருப்பவன் எளிதில் படித்துவிடுவான்.

வருவதும் போவதும் சேர்ந்தே நின்றால் கடவுச்சொல்லின்மீது ஐயம் கொள்ளுங்கள். சொந்தக் கணக்குகளில் கடவுச்சொல்லை மட்டும் பெற்றுப் பிற மென்பொருளை அனுமதிக்கும் பழைய வழக்கத்தைக் கூகுள் 2022 மே 30 முதல் கைவிடத் தொடங்கியது. இப்போது மென்பொருளே கூகுளின் நுழைவுப் பக்கத்தைத் திறக்கும். அங்கு நாம் இசைவளித்தால் ஓர் அனுமதிச் சீட்டு மட்டும் மென்பொருளுக்குக் கிடைக்கும். இவ்வசதியற்ற பழைய மென்பொருளாயின், இருபடிச் சரிபார்ப்பை இயக்கிய பிறகு 16 எழுத்துக்கள் கொண்ட செயலிக் கடவுச்சொல் ஒன்றைப் பெறலாம். கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் அதுவும் ரத்தாகும். வீட்டில் பிள்ளை கைப்பேசியில் கடவுச்சொல்லை மாற்ற, கடையில் தகப்பனாரின் கணினி ஊமையாவது இதனாலேயே!

கணினியைப் பழுது பார்க்கக் கொடுக்கும்போது கடைக்காரரிடம் கணக்கின் கடவுச்சொல்லை எழுதிக் கொடுக்காதீர்கள். அக்கணினிக்கு அளித்த செயலிக் கடவுச்சொல்லை மட்டும் ரத்து செய்துவிட்டு, அது திரும்பி வந்ததும் புதிதாக ஒன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். கைப்பேசியில் கடிதப் போக்குவரத்து அதுவரை தடையின்றி நடக்கும்.