லீவுக்கு உறவினர்கள் வர்றாங்களா? கரியாலூர் படகில் ஏறும் முன் பேச வேண்டிய 2 நிமிடம்!

"மே மாசம் ஃபேமிலியோட வர்றோம். உங்க ஊர்ல எங்க கூட்டிட்டுப் போவீங்க?"

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இந்த போன் கால் பழக்கமானதுதான். பதிலும் தயாராகவே இருக்கும்: "கல்வராயன் மலைக்குப் போயிட்டு வரலாம்." கச்சிராயபாளையம் பக்கம் கோமுகி அணையைப் பார்த்துவிட்டு மலை ஏறினால், கரியாலூரில் படகு குழாமும் சிறுவர் பூங்காவும். வெள்ளிமலையில் சாப்பாடு. நேரம் இருந்தால் மேகம் அருவி, பெரியார் அருவி. ஒரு நாள் இனிமையாக முடிந்துவிடும்.

இந்த ஒரு நாளுக்காக நாம் எவ்வளவோ யோசிக்கிறோம். எத்தனை மணிக்குக் கிளம்புவது, யாருக்கு வாந்தி வரும், அத்தைக்கு என்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளும்... ஆனால் எல்லோரும் படகில் ஏறும் அந்த அரை மணி நேரத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. "சின்ன ஏரிதானே, என்ன ஆயிடப் போகுது?" என்ற நினைப்புதான் காரணம்.

பாய்மரப் படகுக்காரர்கள் செய்யும் ஒரு வேலை

பாய்மரப் படகு வைத்திருப்பவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. சொந்தக்காரர்கள் ஒரு நாள் சுற்றிப் பார்க்க வந்தாலும், நங்கூரத்தை எடுப்பதற்கு முன் எல்லோரையும் உட்கார வைத்து இரண்டு நிமிடம் பேசுவார்கள். லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது, எங்கே உட்கார வேண்டும், எதைத் தொடக் கூடாது, யாராவது தண்ணீரில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும். மாமனாராக இருந்தாலும் கேட்டே ஆக வேண்டும். அந்தப் படகில் விருந்தாளியின் உயிருக்குப் பொறுப்பு வீட்டுக்காரர்தான்.

இந்தக் கலாசாரம் நமக்கு முற்றிலும் அந்நியமானது அல்ல. சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரீஸ் என இரண்டு ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் கலந்துகொண்டார்.

கடல் இல்லாத கள்ளக்குறிச்சியில் பாய்மரப் படகு கிடையாது. ஆனால் அந்த இரண்டு நிமிடப் பேச்சை நாமும் எடுத்துக்கொள்ளலாம். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அந்த மலையும் தெரியாது, தண்ணீரும் தெரியாது. அவர்கள் நம்மை நம்பித்தான் ஏறுகிறார்கள்.

உல்லாசப் பயணங்கள் எங்கே தடம் புரண்டன?

* பழவேற்காடு, 2011 டிசம்பர் 25: கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கொண்டாடக் குடும்பமாக வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தனர்.
* தேக்கடி, 2009 செப்டம்பர் 30: 'ஜலகன்யகா' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.
* தானூர், 2023 மே 7: கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில், பொழுது சாய்ந்த பிறகும் ஓடிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். இவர்களில் 11 பேர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்.
* வதோதரா, 2024 ஜனவரி 18: குஜராத்தில் ஹர்ணி ஏரிக்குச் சுற்றுலா போன பள்ளி மாணவர்கள் 12 பேரும், ஆசிரியர்கள் 2 பேரும் இறந்தனர். அளவுக்கு மீறி ஆட்கள் ஏற்றப்பட்டதும், பலருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லாததும் பெரிதாகப் பேசப்பட்டன.

இந்த நான்குமே புயலில் நடந்தவை அல்ல. எல்லாமே உல்லாசப் பயணங்கள். கடைசி விபத்து நடந்தது நகரத்துக்குள் இருக்கும் ஒரு ஏரியில்.

படகு ஏன் கவிழ்கிறது?

மலைப்பாதையில் மேற்கூரை நிறைய மூட்டை ஏற்றிய வண்டி வளைவில் எப்படிச் சாயும் என்று பார்த்திருப்பீர்கள். எடை மேலே போகப் போக, வண்டி சாய்வது சுலபமாகிவிடும். படகிலும் இதே கதைதான். எல்லோரும் உட்கார்ந்திருந்தால் எடை கீழே இருக்கும். செல்ஃபிக்காக நான்கு பேர் எழுந்து நின்றால் எடை மேலே ஏறிவிடும். அதே நான்கு பேர் "அங்க பாரு!" என்று ஒரு பக்கமாக நகர்ந்தால் படகு அந்தப் பக்கம் சாயும். விளிம்பு தண்ணீரைத் தொட்டு உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் அதுவும் சாய்ந்த பக்கமே ஓடும். அதற்குப் பிறகு நிமிர்த்த நேரம் இருக்காது.

மிதி படகு அகலமானது, அதனால் சுலபத்தில் கவிழாது என்பது ஓரளவு உண்மை. ஆனால் ஆள் தவறி விழுவதற்குப் படகு கவிழ வேண்டும் என்ற அவசியம் இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு கால் கரையிலும் ஒரு கால் படகிலும் இருக்கும் அந்த நொடியே போதும்.

"எனக்கு நீச்சல் தெரியும், ஜாக்கெட் எதுக்கு?"

குடும்பத்தில் ஒருவராவது இப்படிச் சொல்வார். பெரும்பாலும் சித்தப்பா!

தண்ணீரில் மனித உடல் கிட்டத்தட்ட மிதக்கவே செய்யும். ஒரு பெரியவரின் தலையைத் தண்ணீருக்கு மேல் வைத்திருக்கக் கூடுதலாக 3 முதல் 5 கிலோ வரை மிதப்பு விசை கிடைத்தால் போதும். லைஃப் ஜாக்கெட் செய்வது அந்த வேலையைத்தான். எதிர்பாராமல் விழும்போது சட்டை, பேன்ட், புடவையோடுதான் விழுவோம். தலையில் அடிபட்டிருக்கலாம், பயத்தில் மூச்சு இரைக்கலாம். அப்போது நீச்சல் தெரிந்தவருக்கும் அந்த 5 கிலோ தேவைப்படும்.

ஜாக்கெட் வாங்கியதும் கவனிக்க வேண்டியவை மூன்று:

* சைஸ்: பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டால், தண்ணீரில் ஜாக்கெட் மேலே வரும், குழந்தை கீழே நழுவிவிடும். போட்டுவிட்டுத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை வந்தால் அது குழந்தைக்குச் சேராது.
* பெல்ட்: எல்லா கொக்கியும் மாட்டியிருக்க வேண்டும். போட்டோவுக்காகத் திறந்து விட்டிருக்கும் ஜாக்கெட்டால் பயன் இல்லை.
* புடவை, துப்பட்டா: முந்தானையை இழுத்துச் செருகிவிட்டு, அதற்கு மேல் ஜாக்கெட்டைப் போடச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1917-ம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் 2021, இயந்திரத்தில் ஓடும் படகுகளுக்குப் பதிவு, ஆய்வுச் சான்று, காப்பீடு ஆகியவற்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-லேயே படகுப் பாதுகாப்புக்கென வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது.

பயணியாக நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "இந்தப் படகுல எத்தனை பேர் ஏறலாம்?" குழந்தைகளையும் சேர்த்து எண்ணுங்கள். "மடியில வெச்சுக்கலாம், கணக்கு வராது" என்று நம் வீட்டிலேயே யாராவது சொல்வார்கள். குழந்தையும் ஒரு ஆள்தான்.

அந்த 2 நிமிடத்தில் என்ன பேசலாம்?

டிக்கெட் வாங்கிவிட்டுக் கரையிலேயே எல்லோரையும் நிறுத்தி, இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"எல்லாரும் ஜாக்கெட் போட்டாச்சா? கொக்கி மாட்டுங்க. ஒவ்வொருத்தரா ஏறணும், கையில பையோ போனோ வேண்டாம். ஏறினதும் உட்காரணும், கரைக்கு வர்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. போட்டோ எல்லாம் உட்கார்ந்தே எடுக்கலாம். எந்தக் குழந்தையை யார் பார்த்துக்கறீங்கன்னு இப்பவே சொல்லுங்க. படகு கவிழ்ந்தா அதை விட்டுட்டு நீந்தப் போகாதீங்க, அதையே பிடிச்சுக்கோங்க. யாராவது ஒருத்தர் கரையில இருங்க."

அவ்வளவுதான். குழந்தையை யார் பார்ப்பது என்பது இதில் ரொம்ப முக்கியம். பத்துப் பெரியவர்கள் இருக்கும் இடத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். பெயர் சொல்லிப் பொறுப்பைக் கொடுத்தால் அந்தக் குழப்பம் வராது.

யாராவது விழுந்துவிட்டால்?

சினிமாவில் மூழ்குபவர் கையை ஆட்டிக் கத்துவார். நிஜத்தில் பெரும்பாலும் சத்தமே வராது. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த நொடியில் மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கும், கத்த நேரம் இருக்காது. அதனால் சத்தம் வரவில்லை என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

உடனே குதிக்காதீர்கள். மூழ்குபவர் பயத்தில் காப்பாற்ற வந்தவரையே அழுத்திவிடுவார். துடுப்பு, கயிறு, துண்டு, எது கிடைத்தாலும் நீட்டுங்கள் அல்லது வீசுங்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கோட்டரை அணையில் இளைஞர்கள் தண்ணீரில் மூழ்கியபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் தங்கள் புடவைகளை வீசி இருவரைக் காப்பாற்றினார்கள். அவர்களுக்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. அந்த நேரத்தில் கயிறாக மாறியது புடவைதான்.

வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்குவது எல்லாம் வேண்டாம். மூச்சு இல்லை என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தும் சிபிஆர் முதலுதவியைத் தொடங்க வேண்டும். கூடவே ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து பேசினாலும், இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் மருத்துவமனைக்குப் போவதே நல்லது. மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்க நேரம் பிடிக்கும் என்பதை மறக்காதீர்கள்.

"வேண்டாம்" என்பதும் விருந்தோம்பல்தான்

இதில் கஷ்டமான வேலை ஒன்று இருக்கிறது. மேகம் திரண்டு காற்று வீசும்போதோ, ஜாக்கெட் போதாதபோதோ, பொழுது சாய்ந்த பிறகோ, "இன்னிக்கு படகு வேண்டாம்" என்று சொல்வது. அவ்வளவு தூரம் வந்தவர்கள் முகம் வாடும். குழந்தைகள் அழுவார்கள். "ஊர்க்காரனா இருந்துட்டு இப்படிப் பயப்படுறியே!" என்று மச்சான் கிண்டல் செய்வார். விருந்தினர் மனம் கோணக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம், அதனாலேயே பல நேரம் வாய் வராது.

வரத்தான் வேண்டும். படகு இல்லாவிட்டால் சிறுவர் பூங்கா இருக்கிறது, வெள்ளிமலையில் சூடாக ஒரு டீ இருக்கிறது. ஏரி அங்கேயேதான் இருக்கும், அடுத்த லீவுக்குப் படகில் போய்க்கொள்ளலாம். அதற்கு, வந்த எல்லோரும் பத்திரமாக வீடு திரும்பியிருக்க வேண்டும்.