நிறுத்தப்பட்ட வகுப்பு மோதிரங்களை மீளுருவாக்கல்

வகுப்பு மோதிரம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி அல்லது கல்லூரிப் படிப்பை முடிக்கும் மாணவர்கள் அணியும் நினைவு மோதிரம் ஆகும். பொதுவாக நடுவில் ஒரு கல்லும், அதைச் சுற்றிப் பள்ளியின் பெயரும், இருபக்கங்களிலும் பள்ளிச் சின்னமும் படிப்பை முடித்த ஆண்டும் அமைந்திருக்கும். இவ்வழக்கம் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்விக்கழகத்தின் 1835 ஆம் ஆண்டு வகுப்பில் தொடங்கியது. உற்பத்தியில் இல்லாத ஒரு வடிவத்தைத் திரும்பச் செய்வது மீளுருவாக்கல் எனப்படுகிறது. மோதிரத்தைத் தொலைத்தவர்களும் இறந்துபோன பெற்றோரின் நினைவாக அதை வேண்டுபவர்களும் இதை நாடுகின்றனர்.

வடிவங்கள் நிறுத்தப்படக் காரணங்கள்

ஜோஸ்டன்ஸ் (1897), பால்ஃபர் (1913) போன்ற நிறுவனங்கள் இம்மோதிரங்களைத் தயாரிக்கின்றன. பழைய மோதிரங்கள் பல எஃகு அச்சில் அழுத்தி உருவாக்கப்பட்டவை. பள்ளி மூடப்பட்டாலோ, வேறொரு பள்ளியுடன் இணைக்கப்பட்டாலோ, தன் சின்னத்தை மாற்றிக்கொண்டாலோ அதற்கென வெட்டிய அச்சுக்குப் பயன் இல்லாமல் போகிறது. அச்சு கழிக்கப்பட்ட பின் அதே மோதிரத்தைத் தயாரிப்பாளராலும் நேரடியாகச் செய்ய இயலாது.

மீளுருவாக்கும் முறைகள்

அதே வடிவ மோதிரம் ஒன்று உடன்படித்த ஒருவரிடம் இருந்தால், அதிலிருந்து இரப்பர் அச்சு எடுத்து, மெழுகு உருவம் செய்து, அதைச் சுற்றிச் சாந்து ஊற்றி, மெழுகை உருக்கி நீக்கிய வெற்றிடத்தில் உலோகம் வார்க்கலாம். இம்முறையில் இரண்டு குறைகள் உண்டு. இரப்பர், மெழுகு, உலோகம் ஆகியவை சுருங்குவதால் படி மூலத்தைவிடச் சற்றுச் சிறியதாகிறது. மேலும், பல ஆண்டுகள் அணிந்ததால் மழுங்கிய எழுத்துகள் மழுங்கியபடியே பதிகின்றன.

இதனால் பலர் மோதிரத்தை முப்பரிமாண வருடியால் பதிவுசெய்து, தேய்ந்த பகுதிகளைக் கணினியில் திருத்தி, சுருக்கத்திற்கு ஈடாக அளவைக் கூட்டி, மெழுகு போன்ற பொருளில் அச்சிட்டு வார்க்கின்றனர். ஆண்டு எண்ணை மாற்றுவதும் இம்முறையில் எளிது. மோதிரமே கிடைக்காதபோது ஒளிப்படங்களே ஆதாரம். அவற்றில் புடைப்பின் உயரம் தெளிவாகத் தெரியாததால், பல கோணங்களில் எடுத்த படங்களும் கல்லின் அளவும் தேவைப்படுகின்றன.

உலோகமும் முத்திரையும்

10 காரட் தங்கத்தில் 41.7 விழுக்காடும் 14 காரட்டில் 58.3 விழுக்காடும் தூய தங்கம் உள்ளது. அமெரிக்காவில் தரமுத்திரைகள் உண்மையாக இருக்க வேண்டும் என்பதை 1906 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்குகிறது. எனவே, மூலத்தில் உள்ள தயாரிப்பாளர் முத்திரையை அப்படியே படியெடுக்கக் கூடாது. வார்த்தவர் தம் முத்திரையையே இட வேண்டும். பள்ளி இயங்கிவந்தால் அதன் சின்னத்தைப் பயன்படுத்த முன் அனுமதி பெறுவது நல்லது.

தொலைந்த மோதிரங்கள் பல ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும்போது, பள்ளிப் பெயர், ஆண்டு, உள்ளே பொறித்த முதலெழுத்துகள் ஆகியவற்றைக் கொண்டே உரியவர் கண்டறியப்படுகிறார். ஆகவே, மீளுருவாக்கிய மோதிரத்தின் உட்புறத்தில் அது செய்யப்பட்ட ஆண்டைப் பொறித்தால், மூலம் பின்னர் கிடைத்தாலும் இரண்டையும் வேறுபடுத்தி அறியலாம்.